அயர்லாந்தின் படமாளிகைகள்

அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் 1909-ஆம் ஆண்டு வோல்ட்டா என்னும் படக்கொட்டகை திறக்கப்பட்டது. அதனை முதலில் நடத்தியவர் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் என்றறிந்து யாம் வியப்புற்றோம். அவர்க்கோ அத்தொழில் சில வாரங்களே பொருந்திற்று. நிற்க.

1929-இல் எழுந்த சவாய் கொட்டகையன்று, மாளிகையே! அதனுள் வெனிஸ் நகரின் சாயல் புனையப்பட்டிருந்தது. 1935-இல் எழுந்த தியேட்டர் ராயலில் ஏறக்குறைய 3,800 பேர் ஒருங்கமரலாம்; அதன் உள்ளொப்பனை ஸ்பெயின் நாட்டு மூரியர் அரண்மனையை ஒத்தது; படத்தோடு ஆடலும் பாடலும் உண்டு. இவையெல்லாம் வெறும் பூச்சென இகழ்வாருமுளர். யாம் அவ்வாறு கருதோம். மழை ஓயாத அந்நகரில், ஒடுங்கிய அறைகளில் நெருங்கி வாழ்ந்த ஏழைமக்கள் சிறு காசு கொடுத்து அரசர்போல் வீற்றிருத்தற்கு வேறு இடம் யாது?

1961-ஆம் ஆண்டின் இறுதி நாளில் அந்நாட்டுத் தொலைக்காட்சி தொடங்கிற்று. மறு ஆண்டே ராயல் மூடுண்டு இடிபட்டது. ஆண்டெழுந்த அலுவலகக் கட்டிடத்தின் அழகின்மையை நகரமே பழித்தது. இன்று அதுவும் இல்லை. சவாய் பல அரங்குகளாகக் கூறிடப்பட்டது. பீட்டில்ஸ் குழுவினர் 1963-இல் பாடிய அதெல்பி 1995-இல் மூடப்பட்டது. அதன் முகப்பு மட்டும் எஞ்சி, மோட்டார் வண்டிகள் நிறுத்துமிடத்திற்கு வாயிலாயிற்று. அடியோடு அழிந்த ராயலினும் இவ்வாயிலே எமக்குப் பெருந்துயர் விளைப்பது.