சிறகு உதிரும் காலம்

கார்த்திகை மழையில் எங்கள் ஏரி நிரம்பிய ஆண்டு அது. பாலக்கோட்டுப் பக்கத்தில் ஏரி நிரம்புவதே ஒரு திருவிழா. கரையோரக் கோரையின் நடுவே புள்ளிமூக்கு வாத்து ஒன்று கூடமைத்திருந்தது. இவ்வினத்தில் தாய்ப்பறவை மட்டுமே ஏறத்தாழ 24 நாள் அடைகாக்கும். ஒருநாள் காலையில் ஏழு குஞ்சுகள் தாயின் பின்னே வரிசையாய் நீந்தக் கண்டோம். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல் வீடு திரும்பினோம்.

பத்து வயது மகனைத் தொலைவிலுள்ள ஒரு விடுதிப் பள்ளியில் நாங்கள் சேர்த்ததும் அதே ஆண்டில்தான். ஞாயிறுதோறும் தொலைபேசியில், "நல்லா இருக்கேன்ப்பா" என்பான், பிறகு மௌனம்.

அந்நாட்களில்தான் வரித்தலை வாத்துகளைப் பற்றிப் படித்தோம். குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து, நெல்லைச் சீமையின் கூந்தன்குளம்வரை வரும் காட்டு வாத்துகள் அவை. கோடையில் லடாக், திபெத்து ஏரிகளின் தீவுகளில், நரிக்கு எட்டாத இடத்தில், தரையிலே கூடமைக்கும். பெண் அடைகாக்க, ஆண் காவல் நிற்கும். பொரித்த ஓரிரு நாளில் குஞ்சுகள் பெற்றோருடன் நீரில் இறங்கிவிடும். குஞ்சுகளுக்குச் சிறகு முளைக்கும் அந்த வாரங்களில் பெற்றோரின் பறக்கும் இறகுகளும் ஒருசேர உதிர்ந்துவிடுகின்றன. உலகிலேயே மிக உயரத்தில் பறக்கும் பறவைகளுள் ஒன்று, தன் பிள்ளை பறக்கவியலாத நாட்களில் தானும் பறப்பதில்லை. பின்னர் குடும்பமாகவே தெற்கே வரும். முதல் குளிர்காலம் முழுவதும் பிரியாதிருக்கும்.

இது தியாகமன்று, இயற்கையின் கணக்கே என்பதை அறிவோம். ஆயினும் அந்தக் கணக்கு எங்களைச் சுட்டது. பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் சென்று, பிள்ளைகளைப் பாட்டிமாரிடம் விட்டிருக்கும் பெற்றோர் நம் மாவட்டத்தில் பலர். அவர்களுக்கு வேறு வழியில்லை. எங்களுக்கு வழி இருந்தது. "அவன் எதிர்காலத்துக்காக" என்று சொல்லிக்கொண்டு, எங்கள் சிறகுகளைத்தான் காத்துக்கொண்டோம்.

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அவனை அழைத்து வந்தோம். உள்ளூர்ப் பள்ளியில் மதிப்பெண் சற்றே குறைந்தது. எங்களுள் ஒருவர் பணிநேரத்தைக் குறைத்ததால் வருவாயும் குறைந்தது. முதல் மாதம் அவன் எங்களிடம் அதிகம் பேசவில்லை. ஒரு மாலை, தானாகவே, "ஏரிக்குப் போலாமாம்மா?" என்றான்.

ஏரியில் அப்போது நீர் வற்றியிருந்தது, வாத்துகள் இல்லை. இருந்தும் இருட்டும்வரை மூவரும் கரையிலேயே அமர்ந்திருந்தோம்.