நாலு பருவமும் ஒரே தோட்டமும்

மலர்க் கண்காட்சி என்றாலே ஊட்டிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் நம்மில் அநேகம் பேர். ஊட்டி தாவரவியல் பூங்கா 1848-ல் உருவானது. மே மாதம் அங்கே நடக்கும் கண்காட்சி வெகு பிரசித்தம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு 22 வருஷம் முன்னாலேயே, 1826-ல், நம் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு தாவரவியல் தோட்டம் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் இருக்கிற நமக்குத்தான் அது பல சமயம் ஞாபகத்துக்கு வருவதில்லை.

எங்கள் ஊர் சோரியாங்குப்பம். பாகூர் கொம்யூனின் தெற்கு ஓரத்தில், தென்பெண்ணையாற்றங்கரையில் இருக்கிற கிராமம். ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். பாகூர்ப் பக்கத்தைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல், கரும்பு, வாழை. "பச்சையைப் பார்க்கறதுக்கு நாம பஸ் ஏறிப் போகணுமா?" என்று என் மாமியார் கேட்டது நியாயமான கேள்விதான்.

வயலில் பச்சையைப் பார்த்தால் நமக்குக் களை தெரியும், பூச்சி தெரியும், கூலி பாக்கி தெரியும். கையில் ஒரு வேலையும் இல்லாமல் மரத்தடியில் உட்கார்ந்து, இது என்ன பூ என்று குழந்தை கேட்க, நிதானமாகப் பதில் சொல்லுவதற்குக் கிராமத்துப் பெண்ணுக்கு எங்கே நேரம்? அதற்காகவே வருஷத்தில் நாலு நாள் ஒதுக்கி வைத்திருக்கிறோம். பருவத்துக்கு ஒரு நாள். பாகூர் வந்து பஸ் பிடித்தால் கன்னியகோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று போய், முதலியார்பேட்டை தாண்டியதும் தோட்டம் வந்துவிடும்.

போகும்போது ஒரு சின்ன ஏற்பாடும் உண்டு. ஆளுக்கு ஒரு மரம். பெண்ணுக்கு நாகலிங்கம், பையனுக்குச் சரக்கொன்றை, அத்தைக்கு மரமல்லி, எனக்குக் காகிதப்பூக் கொடி. ஒவ்வொரு தடவையும் அவரவர் மரத்தை முதலில் போய்ப் பார்த்து, என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் கட்டுச்சோறு.

தையும் மாசியும்

தோட்டத்துக்குக் கல்யாணக் களை வருவது இந்த மாதங்களில்தான். புதுவை வேளாண் துறையின் மலர், காய், கனிக் கண்காட்சி பெரும்பாலும் பிப்ரவரியை ஒட்டி நடக்கும். டேலியா, பெட்டூனியா, சால்வியா, செண்டுப்பூ, சாமந்தி என்று தொட்டி தொட்டியாக அடுக்கியிருப்பார்கள். ஒரு பக்கம் பூசணி, சுரைக்காய்கள் பிள்ளை கனத்துக்கு இருக்கும்.

இந்தப் பூக்கள் ஏன் இப்போது மட்டும் வருகின்றன? இவற்றில் பல இதமான குளிர்ச்சியை விரும்புகிற செடிகள். ஊட்டியில் கோடையிலும் குளிர்ச்சி இருப்பதால் மே மாதத்தில் கண்காட்சி வைக்க முடிகிறது. நம் கடற்கரையில் இவற்றுக்கு இதமான காலம் மார்கழி முதல் மாசி வரைதான். பங்குனி வெயில் பட்டதும் வாடிப்போகும். சாமந்திக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இரவு நீளமாக இருக்கும் காலத்தில்தான் அது மொட்டு வைக்கும்.

வீட்டில் நாலு தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையிலேயே தாழ்வாரத்தில் மழை படாமல் விதைத்து, நாற்று வளர்ந்ததும் மழை ஓய்ந்த பிறகு தொட்டிக்கு மாற்றினால் தை, மாசியில் பூ பார்க்கலாம். கண்காட்சியில் பூத்த செடியைப் பார்த்து ஆசைப்பட்டு அப்போது விதை போட்டால் வெயில் முந்திக்கொள்ளும்.

பங்குனியிலிருந்து வைகாசி வரை

கண்காட்சி முடிந்ததும் தொட்டிகள் போய்விடும், கூட்டமும் குறைந்துவிடும். அப்போதுதான் மரங்களின் முறை வரும். நம்மில் அநேகர் இந்தச் சமயத்தில் தோட்டத்தின் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

இந்தத் தோட்டத்தில் வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து வளர்த்ததில் பெரிய பங்கு ழோர்ழ் சாமுவேல் பெரோத்தே என்பவருக்கு உண்டு. 1793-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். ஆப்பிரிக்கா, கிழக்குத் தீவுகள் எல்லாம் சுற்றிச் செடி சேகரித்துவிட்டு 1834-ல் புதுவைக்கு வந்தார். நடுவில் சில வருஷம் போய்விட்டு 1843-ல் திரும்பி வந்தவர், 1870-ல் காலமாகும் வரை இங்கேயே இருந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். மரம் வைத்தவர் போய் 150 வருஷத்துக்கு மேல் ஆகிறது. நிழல் மட்டும் நமக்கு.

சித்திரையில் கொன்றை பூத்தால் என்ன அழகு போங்கள்! மஞ்சள் சரம் சரமாகத் தொங்கும். குல்மோஹர் என்கிற மயில்கொன்றை தீப்பிடித்தாற்போல நிற்கும். அது மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த மரம். இவை இரண்டும் கோடையில் இலையை உதிர்த்துத் தண்ணீர்ச் செலவைக் குறைத்துக்கொண்டு, பிறகு பூவை விரிக்கின்றன. இலை மறைக்காததால் பூச்சிகளுக்குத் தூரத்திலிருந்தே பூ தெரியும்.

என் பெண்ணின் நாகலிங்க மரத்தில் வேடிக்கை ஜாஸ்தி. பூ கிளையில் வராது, அடிமரத்திலேயே கொத்தாக வரும். "இன்னாம்மா இது, மரத்தோட முதுகுல பூத்திருக்கு!" என்று முதல் தடவை அவள் கத்தினாள். நடுவில் லிங்கம், மேலே நாகப் படம் கவிந்தாற்போல இருக்கும். சிவன் கோவில்களில் வைத்து வளர்ப்பதால் நம் நாட்டு மரம் என்றே தோன்றும். பிறந்த வீடோ தென் அமெரிக்காவின் கயானாப் பக்கம். வெகு தூரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்து, வந்த வீட்டுப் பெயரையே எடுத்துக்கொண்ட மருமகள் மாதிரி! புதுச்சேரி அரசு 2007-ல் இதையே மாநில மலராக அறிவித்தது. பூ ஒரு நாள்தான் இருக்கும், காலையில் வாசனை தூக்கும். காய் பீரங்கிக் குண்டு கனத்துக்கு இருக்கும். ஆகவே மரத்தடியில் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள். காய் விழுந்து உடைந்தால் நாற்றமும் சகிக்காது.

கோடையில் போகிறவர்கள் காலையிலேயே போய், வெயில் ஏறுவதற்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். பெரிய குழந்தைகளுக்குத் தண்ணீர், மோர் அடிக்கடி கொடுங்கள். ஆறு மாதம் ஆகாத கைக்குழந்தைக்கு எவ்வளவு வெயிலானாலும் தாய்ப்பாலே போதும், தனியாகத் தண்ணீர் வேண்டாம். அதற்குப் பதில் நீங்கள் நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி பால் கொடுங்கள்.

ஆடி, ஆவணி, புரட்டாசி

ஆடிக் காற்றில் காகிதப்பூ உதிர்ந்து பாதையெல்லாம் கோலம் போட்டாற்போல இருக்கும். புதுவையின் பழைய மதில்களிலும் இந்தக் கொடியைப் பார்க்காமல் நடக்க முடியாது. நாம் பூவென்று நினைக்கிற சிவப்பும் ஊதாவும் உண்மையில் இலைகள். உள்ளே குச்சி போல வெள்ளையாக இருப்பதுதான் பூ. தண்ணீர் ஜாஸ்தியானால் இலைதான் தழைக்கும், காயவிட்டு ஊற்றினால்தான் பூ கொட்டும். வீட்டில் வளர்க்கிறவர்களுக்கு இது ஒன்று போதும்.

இந்தக் கொடிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் கதை இருக்கிறது. பூகன்வில் என்ற பிரெஞ்சுத் தளபதியின் கப்பல்கள் உலகம் சுற்றக் கிளம்பியபோது கொமர்சோன் என்ற தாவர நிபுணரும் கூடப் போனார். கடற்படைக் கப்பலில் பெண்களுக்கு இடம் கிடையாது. ழான் பாரே என்ற பெண் ஆண் வேஷம் போட்டு, அவருடைய உதவியாளாகக் கப்பலேறிவிட்டாள். அவருக்கோ காலில் உபாதை. மலை, காடு ஏறி இறங்கியதிலும் சுமை சுமந்ததிலும் பெரும் பங்கு அவளுடையது. 1767-ல் பிரேசிலில் அவர்கள் சேகரித்த கொடிதான் இது. தளபதியின் பெயரில் பூகன்வில்லா ஆயிற்று. தாஹித்தித் தீவில் அவள் பெண் என்பது வெளிப்பட்டுவிட்டது. கடைசியில் 1775 வாக்கில் ஊர் திரும்பியபோது, உலகைச் சுற்றி வந்த முதல் பெண்ணாக அவள் இருந்தாள். 1785-ல் பிரெஞ்சு அரசு அவளுக்கு ஓய்வூதியமும் கொடுத்தது. ஆனால் ஒரு செடிக்கு அவள் பெயர் வைக்க 2012 வரை ஆயிற்று. அது நம் கத்தரிக்காய்க் குடும்பத்துச் செடி!

இந்தக் கதையை மரத்தடியில் வைத்துச் சொன்னபோது அத்தை, "சுமந்தவ ஒருத்தி, பேரு ஒருத்தருக்கா?" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல!

ஐப்பசி முதல் மார்கழி வரை

மழை மாதங்களில் வெள்ளைப் பூக்களின் ராஜ்யம். மரமல்லியும் பவழமல்லியும் இரவில் பூத்து, விடியலில் தரையில் கிடக்கும். இருட்டில் வரும் விட்டில்களுக்கு வெள்ளையும் வாசனையும் நல்ல வழிகாட்டி. அதனால்தான் இரவுப் பூக்களில் வெள்ளை அதிகம். அத்தை குனிந்து குனிந்து மரமல்லியைப் பொறுக்கி, நீளக் காம்புகளை ஒன்றோடொன்று பின்னி, நூலில்லாமலே சரம் ஆக்கிவிடுவார். அந்த வித்தை என் பெண்ணுக்கும் வந்துவிட்டது.

நம் பக்கம் வருஷத்தில் பெய்யும் மழை சுமார் 130 சென்டிமீட்டர். அதில் பெரும்பகுதி இந்த மாதங்களில்தான். மழை பூவை மட்டுமா கொண்டுவருகிறது? 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் நடுவே கரை ஏறியபோது ஊரிலிருந்த பழைய மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. தோட்டமும் தப்பவில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். புதுவையில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் கொட்டியது. வருஷ மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில்! அடுத்தாற்போல் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, டிசம்பர் 2-ந் தேதி தென்பெண்ணை கரை புரண்டு எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குள் வந்துவிட்டது.

தண்ணீர் வடிந்தபோது கொல்லையில் சாமந்திப் பாத்தி இருந்த இடமே தெரியவில்லை. ஒரே வண்டல். கனகாம்பரம் வேரோடு போயிருந்தது. வீட்டைக் கழுவி, பாய் தலையணையைக் காயவைத்து, பிள்ளைகளின் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்து உலர்த்தி ஆவதற்குள் மார்கழி ஓடிவிட்டது. அந்த நாட்களில் என் பெண் எதைப் பற்றியும் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ம்மா, என் மரம் இருக்குமா?"

இருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "போய்ப் பார்க்கலாம்" என்றேன். தை பிறந்ததும் போனோம். கேட்டைத் தாண்டியதும் கையை விட்டுவிட்டு ஓடினாள். மரம் நின்றது. அடிமரத்தில் நாலைந்து பூ. ஒன்றும் பேசாமல் பட்டையின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அத்தை மெதுவாக, "நம்ம கொல்லையிலயும் வண்டல் படிஞ்சிருக்கு, கண்ணு. வண்டல்ல எது வச்சாலும் வரும்" என்றார். அந்த வாரமே பாத்தி கொத்தினோம். சித்திரையில் கனகாம்பரம் பூத்தது.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

மழைக் காலத்தில் போனால் குழந்தைகளுக்குக் கை, கால் மூடிய உடுப்புப் போடுங்கள். டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும். அரளி எங்கே இருந்தாலும் குழந்தைகளை எச்சரித்து வையுங்கள். அதன் பூ, இலை, காம்பு எல்லாமே விஷம், வாயில் வைக்கக் கூடாது. இழுப்பு உள்ளவர்கள் பூக்கள் அடர்ந்த இடத்தில் அதிக நேரம் நிற்காமல், மருந்தைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் தாராளமாக வரலாம். நடப்பதும் உட்காருவதுமாக, அவசரமில்லாமல் பாருங்கள். சிறுவர் ரயிலை நம்பிப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டுமுன், அது ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. கட்டுச்சோற்றுக்குப் புளிசாதமும் எலுமிச்சை சாதமும் உத்தமம். இலையையும் காகிதத்தையும் குப்பைத் தொட்டியிலேயே போடுங்கள்.

செலவு என்று பார்த்தால் பஸ் சார்ஜும் நுழைவுக் கட்டணமும்தான். நீங்கள் புதுவையில் இல்லாவிட்டால் என்ன? உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பூங்காவோ, பெரிய மரங்கள் உள்ள கோவில் நந்தவனமோ இல்லாமலா இருக்கும்? கண்காட்சி நாளில் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அதே இடத்துக்கு நாலு பருவத்திலும் போங்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு மரத்தைப் பங்கு போட்டுக் கொடுங்கள். உங்களுக்கென்றும் ஒன்றை வைத்துக்கொள்ள மறந்துவிடாதீர்கள்.