நூற்றைம்பதில் ஒரு முறை

ஜூஜூவாடியைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து கன்னடத்துக்கு மாறிவிடும். பேச்சு மாற இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும். அத்திப்பள்ளியில் இறங்கி ஆனேக்கல் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா போனில் தெலுங்கில் பேசி முடித்து, கண்டக்டரிடம் கன்னடத்தில் சில்லறை கேட்டு, என்னிடம் தமிழில் "அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்துங்களேன்" என்றார். வெளியே கேழ்வரகு வயல்களும், அவற்றுக்கு நடுவே வீட்டுமனை விளம்பரங்களும் மாறி மாறி வந்தன.

எலக்ட்ரானிக் சிட்டியைப் பெங்களூரு என்றுதான் ஊர் உலகம் சொல்கிறது. ஆனேக்கல் தாலுகாவை ஒட்டியே அது நிற்கிறது. 1978-இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், ஆர்.கே. பாலிகாவின் முயற்சியில், கோணப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் அதைத் தொடங்கியது. நான் போனது அந்தக் கண்ணாடிக் கட்டடங்களுக்கு அல்ல. தாலுகாவின் தலைநகரான ஆனேக்கல் ஊருக்குள், பழைய தெரு ஒன்றில், கீழே விசைத்தறி ஓடும் வீட்டின் மாடிக்கு.

கல்லூரி நண்பனின் தம்பி அங்கே இருக்கிறான். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பையன், இப்போது நாற்பதை நெருங்குகிறான். லினக்ஸ் கெர்னலின் டிரைவர்களைப் பராமரிப்பதும், வன்பொருளில் இருக்கும் கோளாறுகளுக்கு அவற்றில் மாற்று வழி எழுதுவதும் அவன் வேலை. "என்ன செய்றேன்னு சொன்னா வீட்ல யாருக்கும் புரியலண்ணா. ஒரு நாள் வந்து பாருங்க" என்று பொங்கலின்போது கூப்பிட்டிருந்தான்.

மாடிப்படி ஏறும்போதே தறியின் அதிர்வு கைப்பிடிச் சுவரில் தெரிந்தது. இரண்டே அறை. நீளமான மேசையில் உள்ளங்கை அளவுப் பச்சை போர்டு ஒன்று. அதிலிருந்து மெல்லிய கம்பிகள் நாலாபக்கமும் ஓடின. நிமிஷத்துக்கு ஒரு முறை ஒரு ரிலே 'டக்' என்றது. போர்டின் விளக்குகள் அணைந்து, சில விநாடிகளில் மறுபடி எரிந்தன. பக்கத்தில் டிப்ளமோ முடித்த இளைஞன் ஒருவன் சால்டரிங் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆனேக்கல்காரன், என்னைப் பார்த்து எழுந்து நின்றான்.

"உக்காருங்கண்ணா. இதுதான் மூணு வாரமா என் உசுர வாங்குது."

இயந்திரங்களின் கணக்கைத் திரட்டி நெட்வொர்க்கில் அனுப்பும் பெட்டி ஒன்றுக்குள் இருக்க வேண்டிய போர்டு அது. செய்த கம்பெனி எது என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்64எக்ஸ் சிப், இரண்டு ஈதர்நெட் துளைகள். மின்சாரம் போய்த் திரும்பினால் பெரும்பாலும் ஒழுங்காக எழுந்துவிடுகிறது. எப்போதோ ஒரு தடவை, எழுந்தும் நெட்வொர்க்கில் பேசுவதில்லை. கேபிள் துளையிலுள்ள பச்சை விளக்கு மட்டும் எதுவும் நடக்காததுபோல எரிகிறது. ஆள் போய் அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது.

டிரைவர் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். இயங்குதளத்தின் மையத்தில், வன்பொருளோடு நேராகப் பேசும் பகுதி கெர்னல். அந்தக் கெர்னலுக்குள் ஒவ்வொரு கருவியின் பாஷையையும் தெரிந்துவைத்திருக்கும் நிரல்தான் டிரைவர். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் இன்று 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கும் மேல் டிரைவர்கள். சாதாரண மென்பொருள் தப்புச் செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலுக்குள் ஓடுவது தப்புச் செய்தால் முழு இயந்திரமும் விழக்கூடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் கெர்னல் டிரைவர், தப்பான ஒரு தரவுக் கோப்பைப் படிக்கப் போய், தனக்குரியதல்லாத நினைவகத்தைத் தொட்டது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. நம் விமான நிலையங்களில் அன்று போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

தம்பியின் பிரச்சினை அவ்வளவு சத்தமானது அல்ல. ஆனால் அதைப் பிடிப்பது கஷ்டம். எப்போதும் வருகிற பிழை கையில் சிக்கும். நினைத்தபோது வருகிற பிழைக்குக் காத்திருந்து வலை விரிக்க வேண்டும். அந்த ரிலேதான் வலை. நிமிஷத்துக்கு ஒரு தடவை மின்சாரத்தை வெட்டிப் போடும். போர்டு எழும்போது பேசுகிற ஒவ்வொரு வரியையும் சீரியல் கேபிள் வழியே கோப்பில் சேர்க்கும். முந்தின நாள் இரவு 8 மணி முதல் காலை 6 வரை 600 முறை. அதில் 4 முறை தோல்வி.

"இத படிங்கண்ணா" என்று இரண்டு கோப்புகளை அருகருகே திறந்தான். நூற்றுக்கணக்கான வரிகள், எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. என் கண்ணில் எதுவும் படவில்லை. அவன் விரல் வைத்த இடத்தில் நல்ல கோப்பு 'டிஐ டிபி83867' என்றது. கெட்ட கோப்பு 'ஜெனரிக் ஃபை' என்றது.

அந்த இரண்டு சொற்களில்தான் மூன்று வாரம் ஒளிந்திருந்தது. கேபிளுக்கும் முதன்மைச் சிப்புக்கும் நடுவே 'ஃபை' எனப்படும் சின்னச் சிப் உண்டு. கெர்னல் எழும்போது அதைக் கூப்பிட்டு "நீ யார்?" என்று கேட்கும். அது தன் இரண்டாவது, மூன்றாவது பதிவேடுகளிலிருந்து அடையாள எண்ணைச் சொல்லும். எண் தெரிந்ததாக இருந்தால் அதற்கே உரிய டிரைவர் வந்து பொறுப்பேற்கும். எண் தப்பாக வந்தால் கெர்னல் அதைத் தெரியாத ஆள் என்று வைத்துக்கொண்டு பொது டிரைவரிடம் ஒப்படைத்துவிடும். பொது டிரைவருக்கு இந்தச் சிப்பின் நுணுக்கம் தெரியாது. கடிகாரத் துடிப்புக்கும் தரவுக்கும் இடையே வைக்க வேண்டிய, சுமார் 2 நானோ விநாடித் தாமதத்தை அது அமைக்காது. விளக்கு எரியும், தரவு மட்டும் சிதைந்து போகும்.

அடையாள எண் ஏன் தப்பாக வருகிறது? கேள்வியும் பதிலும் போவது எம்டிஐஓ என்ற இரண்டு கம்பிப் பாதையில். போர்டு ரெவிஷனைச் சந்தேகித்தார்கள், பவர் சப்ளையைச் சந்தேகித்தார்கள், தெருவின் மின்சாரத்தைச் சந்தேகித்தார்கள். கீழே ஓடும் தறியைக்கூட ஒரு நாள் நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்களாம். கடைசியில் விடை சிப்பைச் செய்தவர்களே வெளியிட்டிருந்த பிழைப் பட்டியலில் இருந்தது. ஒவ்வொரு சிப்புக்கும் இப்படி ஓர் 'எர்ராட்டா' ஆவணம் உண்டு. இதில் ஐ2329 என்ற எண்ணுக்கு எதிரே எழுதியிருக்கிறது: எம்டிஐஓ வழியே படிக்கும்போது தரவு கெட்டு வரலாம், எழுதும்போது தப்பாகப் போகலாம், சில சமயம் அந்த இணைப்பே அடுத்த ரீசெட் வரை கிடைக்காமல் போகலாம்.

சிப்பின் பிழையை அச்சுப்பிழை மாதிரி அடுத்த பதிப்பில் திருத்தலாம்தான். ஆனால் ஏற்கெனவே வெளியே போன சிப்புகள் போனவைதான். 1994-இல் பென்டியம் சிப்பின் வகுத்தல் கணக்கில் பிழை இருப்பதைக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி கண்டுபிடித்தார். சிப்புகளை மாற்றிக் கொடுக்க முன்வந்த இன்டெல் 47.5 கோடி டாலரைச் செலவாக எழுத வேண்டியிருந்தது. அதன் நினைவாக 32 பிட் லினக்ஸில் செயலி விவரத்தைக் கேட்டால் 'எஃப்டிவ் பிழை: இல்லை' என்று ஒரு வரி வரும். எல்லாப் பிழைக்கும் அப்படிச் சிப்பைத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே சிப்பின் குறை டிரைவருக்குள் 'இஃப்' என்ற ஒரு நிபந்தனை வரியாகக் குடிபெயர்கிறது. சிப் வாழும் காலம் வரை அந்த வரியும் வாழ வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும்.

ஐ2329-க்கான மாற்று வழியை டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பொறியாளர்களே 2022-இல் லினக்ஸுக்கு எழுதி அனுப்பிவிட்டார்கள். டிரைவரின் பெயர் டாவின்சி எம்டிஐஓ. டாவின்சி என்பது அந்த நிறுவனம் ஒரு காலத்தில் வீடியோவுக்காகச் செய்த சிப் குடும்பம். அதற்காக எழுதிய டிரைவர் இன்றைய சிப்புகளுக்கும் உழைக்கிறது. திருத்தம் செய்வது இதுதான்: முதலில் சிப்பின் குடும்பப் பெயரையும் ரெவிஷனையும் படிக்கும். பிழையுள்ள ரகம் என்றால், எம்டிஐஓவுக்காகச் சிப்புக்குள் இருக்கும் தானியங்கிப் பகுதியை அணைத்துவிட்டு, இரண்டு கம்பிகளையும் மென்பொருளே ஒவ்வொரு துடிப்பாக ஏற்றி இறக்கும்.

லாஜிக் அனலைசரை இளைஞன் இரண்டு கம்பிகளிலும் மாட்டினான். திரையில் மேலும் கீழுமாகப் படிக்கட்டுகள் தெரிந்தன. தம்பி பென்சிலால் எண்ணிக் காட்டினான். முதலில் 32 ஒன்றுகள், தட்டி எழுப்புவதுபோல. அப்புறம் ஆரம்பம் 2 பிட், படிக்கவா எழுதவா என்று 2, எந்த ஃபை என்று 5, எந்தப் பதிவேடு என்று 5, பேச்சுக் கை மாற 2, பதில் 16. கூட்டினால் 64. தறியில் பாவு நூலை எண்ணுகிறவரைப் பார்த்திருக்கிறேன்; அதே பொறுமை.

"திருத்தம் இருக்கே, எடுத்துப் போட வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"அங்கதாண்ணா வேலையே."

வாடிக்கையாளரின் பெட்டியில் ஓடுவது 2020 டிசம்பரில் வந்த 5.10 கெர்னல், அதுவும் வந்த புதிதில் எடுத்து அப்படியே நிறுத்திவைத்த பிரதி. புதிதாக மாற்ற அவர்களுக்குத் துணிச்சல் இல்லை, மாற்றினால் எல்லாச் சோதனைகளையும் மறுபடி செய்ய வேண்டும். 2022-இன் திருத்தத்தை 2020-இன் நிரலில் பொருத்தினால் பொருந்தாது. கம்பியைக் கையால் ஆட்டும் பொது நிரல் கெர்னலில் முன்பே இருந்தது. ஆனால் அதன் படிக்கும், எழுதும் செயற்கூறுகளை மற்ற டிரைவர்கள் கூப்பிட வழி இல்லாமல் இருந்தது. 2021 ஜனவரியில்தான் அந்தக் கதவு திறந்தது, அதுவும் ரெனசாஸ் என்ற ஜப்பானிய நிறுவனச் சிப்புகளின் ஈதர்நெட் டிரைவரில் இருந்த வேறொரு கோளாறுக்காக. தம்பி முதலில் அந்தச் சின்ன மாற்றத்தைக் கொண்டுவந்து வைத்து, அதன்மேல் இதை வைத்தான். ஜப்பானியச் சிப்புக்காக யாரோ திறந்துவிட்ட கதவு வழியாக ஆனேக்கல் மாடியில் ஒரு பெட்டி சரியாகிறது. எனக்கு அந்த நிமிஷம் நெஞ்சு நிறைந்துபோனது.

டீ வந்தது. பேச்சு பராமரிப்பாளர்கள் பக்கம் போயிற்று. கெர்னலோடு சேர்ந்தே ஒரு நீண்ட பட்டியல் வருகிறது: எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு, அது என்ன நிலையில் இருக்கிறது என்று. 'ஆதரவுடன்', 'பராமரிப்பில்', 'அவ்வப்போது திருத்தம்', பிறகு 'அநாதை'. ஆமாம், அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2019 ஜூலையில் ஃபிளாப்பி டிரைவர் அநாதையானது. பார்த்துக்கொண்டவரிடம் சோதிக்க ஓடுகிற ஃபிளாப்பி கருவியே இல்லாமல் போயிருந்தது. பிறகு வேறொருவர் முன்வந்து எடுத்துக்கொண்டார். பட்டியலில் நம்மவர்களும் இருக்கிறார்கள். மணிவண்ணன் சதாசிவம் என்ற பெயரைத் தம்பி காட்டினான். மோடம்களோடு பேசும் எம்ஹெச்ஐ, பிசிஐ எண்ட்பாயிண்ட் பகுதிகளுக்கு எதிரே. உலகெங்கும் எத்தனையோ பேருடைய கருவிகளுக்குள் போகிற நிரல். இப்படிப்பட்ட பெயர்களை நம் பத்திரிகைகள் எழுதியிருக்க வேண்டும். எழுதாததில் எனக்கும் பங்கு உண்டு, அது எனக்கு வலிக்கிறது.

டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-இல் பெங்களூருக்கு வந்தபோது அதன் சாட்டிலைட் டிஷ்ஷை மாட்டு வண்டியில் கொண்டுபோனதை எல்லோரும் சொல்வார்கள். வண்டி வந்த கதைதான் ஊரில் நிலைத்தது. அதற்குப் பின் இத்தனை வருஷமாக ஒவ்வொரு பிழையாக உட்கார்ந்து தீர்த்தவர்களின் கதை நிலைக்கவில்லை.

நான்கு மணிக்குப் புதிய கெர்னலை மெமரி கார்டில் எழுதி முடித்தார்கள். போர்டு எழுந்தது. 'டிஐ டிபி83867'. நான் கை தட்டப் போனேன். தம்பி சிரித்தபடி தடுத்தான்.

"பழையதும் நூத்தம்பதுல நூத்து நாப்பத்தொம்பது தடவ இப்படித்தாண்ணா வரும்."

கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினான். 600-இல் 4 என்றால் 150-இல் 1. இன்று இரவு 600 முறையும் நன்றாக வந்தாலும், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க நூற்றுக்கு இரண்டு வாய்ப்பு இருக்கிறது. அந்த இரண்டை நம்பி ஒரு தொழிற்சாலைக்கு அனுப்ப மாட்டானாம். மூன்று இரவு ஓட்டினால் 1,800 முறை. அப்போது அந்த வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். "மூணு நாள் கழிச்சுதான் அவங்களுக்குச் சொல்வேன்."

காத்திருக்கும் நேரத்தில் திருத்தக் குறிப்பை எழுதினான். என்ன கெட்டது, ஏன் கெட்டது, மூலத் திருத்தம் எது, யார் எழுதியது, ஒவ்வொன்றாக. பத்து வருஷம் கழித்து இந்த 'இஃப்' எதற்கு என்று தெரியாமல் யாராவது அழித்துவிடக் கூடாது என்பதால் குறிப்பு நிரலைவிட நீளமாக இருந்தது. அடியில் தன் பெயரை எழுதினான். அதற்குக் கீழே 'சோதித்தவர்' என்று தட்டிவிட்டு இளைஞனைத் திரும்பிப் பார்த்தான்.

"நின்ன ஹெசரு ஹேளு" என்று பெயரைக் கேட்டான்.

இளைஞன் சால்டரிங் முனையை ஸ்டாண்டில் வைத்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். முன்னாலா பின்னாலா, இனிஷியல் எங்கே வர வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டான். ஆதாரில் ஒரு மாதிரி, டிப்ளமோ சான்றிதழில் ஒரு மாதிரியாம். எது வேண்டுமோ அதுவே, ஆனால் இனிமேல் எப்போதும் அதுதான் என்று தம்பி சொன்னான். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தானே தட்டினான். அப்பாவின் பெயரை இனிஷியலாகச் சுருக்காமல் முழுசாக எழுதினான்.

"ஆய்த்து, சார்."

ரிலே 'டக்' என்றது. கீழே தறி நின்றிருந்ததால் சத்தம் இப்போது தெளிவாகக் கேட்டது. எண்ணிக்கைப் பெட்டியில் 23 என்று இருந்தது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்தவன், 24 வரும் வரை நின்றேன்.