எஃகும் காற்றும்

தலைநகரத்துத் தமிழர் வாழ்வில் வீடு மாறிய கதை ஒரு தனி வரலாறு. கரோல்பாகின் மாடி அறைகளிலும், லோதி காலனி, ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்புகளிலும் இளமையைக் கழித்த நம்மிற் பலர், கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்களில் பங்கு சேர்ந்து, பப்பன்கலான் என்று முன்னர் வழங்கிய இந்தத் தென்மேற்குப் பகுதிக்கு வந்து சேர்ந்தோம். துவாரகா என்று பெயர் மாறிற்று, வயல்கள் செக்டார்களாயின, 2005-ஆம் ஆண்டின் கடைசி நாளில் மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்தது. அலுவலகம் போய்வரும் கவலை அதனுடன் தீர்ந்தது. தீராதது, செக்டாருக்குள்ளேயே அலையும் சிறு அலைச்சல்தான்: காய்கறிக்கு ஒரு நடை, கோவிலுக்கு ஒரு நடை, நண்பர் வீட்டுக்கு ஒரு நடை. இவ்வலைச்சலுக்கு மிதிவண்டியைவிட உகந்த துணை வேறில்லை என்பது என் நெடுநாளைய கொள்கை.

இங்குள்ள சாலைகள் அகலமானவை. ஆனால் அகலம் வேறு, மென்மை வேறு. குழாய் பதிக்கத் தோண்டி மூடிய தழும்புகள், சாலை மட்டத்துக்கு ஒரு விரற்கடை தாழ்ந்த சாக்கடை மூடிகள், அடுக்கு வீடுகளின் வாயில்தோறும் அவரவர் விருப்பப்படி எழுப்பிய வேகத்தடைகள், சிமெண்டுப் பாளங்களுக்கிடையே உள்ள இடைவெளிகள். காரில் செல்பவருக்கு இவை தெரிவதில்லை. மிதிவண்டியில் செல்பவனின் முதுகெலும்போ ஒவ்வொன்றையும் எண்ணிக் கணக்கு வைத்துக்கொள்கிறது.

என் முதுகெலும்பு கணக்கு வைக்கத் தொடங்கியது ஐம்பத்தெட்டாம் வயதில். இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கிடையே உள்ள வட்டு சற்றே பிதுங்கியிருப்பதாகப் படத்தில் தெரிந்தது. மூன்று மாதம் படுக்கையும் நடையுமாகக் கழிந்தன. பிறகு மருத்துவர் சொன்னார்: "சைக்கிள் ஓட்டுங்கள், வேண்டாமென்று சொல்லமாட்டேன். ஆனால் அதிர்வு கூடாது. வில்லாக வளைந்து உட்காரக் கூடாது. வலி திரும்பினால் அத்தோடு விட்டுவிட வேண்டும்." அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு ஒரு தீர்ப்பைப்போல ஒலித்தது. நடையைப் பலர் புகழ்வர், நானும் மறுக்கவில்லை. எனினும், அதிகாலையில் பனிக்காற்று முகத்தில் படச் சாலையில் வழுக்கிச் செல்லும் அந்த அரைமணி நேரத்துக்கு நடை ஈடாகுமோ?

வீட்டில் ஒரு வண்டி இருக்கவே இருந்தது. வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போன மகன் விட்டுச்சென்ற பந்தய வண்டி அது. அலுமினியச் சட்டம், தாழ்ந்து வளைந்த கைப்பிடி, 25 மில்லிமீட்டர் அகலமே உள்ள டயர். அதில் 100 பவுண்டு அழுத்தத்துக்குக் காற்றடைத்தால் விரலால் அழுத்த முடியாத அளவுக்குக் கல்லாகிவிடும். இளைஞனுக்கு அது அம்பு. எனக்கோ, செக்டார் 10-ஐத் தாண்டுவதற்குள் உள்ளங்கைகள் மரத்துப்போகும். ஆயினும் அதை விட்டு வேறொன்றை நாடுவதற்கு மனம் ஒப்பவில்லை. பிள்ளை தொட்ட கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு செல்வதில் ஒரு நிறைவு இருந்தது. பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பிய பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் மனைவிதான் பேச்சை எடுத்தாள். "ஏங்க, அந்த வண்டியில போயிட்டு வந்த அன்னிக்கு ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுக்கறீங்க. ஒண்ணு வேற வண்டி வாங்குங்க, இல்லே விட்டுடுங்க." அறுபதாயிரம் ரூபாய்க்குக் குறையாது என்று சொன்னதும் சற்று நேரம் பேசாமலிருந்தாள். அந்தத் தொகைக்கு மாயவரத்தில் இருக்கும் அவள் தாயாரைப் பலமுறை போய்ப் பார்த்து வரலாம் என்பதை அவள் சொல்லவில்லை, நான் நினைத்துக்கொண்டேன். ஆகவே அந்தப் பணம் வீண்போகக் கூடாதென்ற கவலையோடுதான் தேர்வில் இறங்கினேன்.

கடைக்காரர்கள் முதலில் சொல்வது எடையை. ஒரு விரலால் வண்டியைத் தூக்கிக் காட்டுவதில் அவர்களுக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் ஓட்டுகிறவனும் வண்டியும் சேர்ந்தல்லவோ எடை? நான் 74 கிலோ. வண்டி 9 கிலோ ஆனால் மொத்தம் 83. பதினொன்றரைக் கிலோ ஆனால் எண்பத்தைந்தரை. நூற்றுக்கு மூன்று பங்கு வேறுபாடு. மலையேறுகிறவருக்கு அது பொருட்டாகலாம். மேம்பாலத்தைத் தவிர வேறு மேடறியாத துவாரகாவில், ஒரு பை கத்தரிக்காயின் எடைக்காக ஏன் முதுகைப் பணயம் வைக்க வேண்டும்?

சுகம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தபோது விடை காற்றில் இருந்தது. 1888-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி கரடுமுரடான தரையில் தடதடப்பதைப் போக்கவே காற்றடைத்த டயரைச் செய்தார். உலகத்துச் சாலைகளெல்லாம் இன்று உருளுகின்ற காற்று, ஒரு தந்தை மகனுக்காக அடைத்த காற்று என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அக்காற்றுக்கு இடம் கொடுப்பது டயரின் அகலம். அகலம் மிகுந்தால் குறைந்த அழுத்தத்திலேயே உடலின் பாரத்தைத் தாங்கலாம். ரிம் தரையில் இடிபடாது. சிறு கல்லை டயர் விழுங்கிவிடும். 38 மில்லிமீட்டர் டயருக்கு, என் எடைக்கு, 45 பவுண்டு போதும்.

அகலமான டயர் வேகத்தைக் குறைக்கும் என்பது நெடுங்கால நம்பிக்கை. மழமழப்பான இரும்பு உருளையின்மேல் சோதித்தால், அழுத்தம் கூடக்கூட டயர் எளிதாக உருளுவதாகத் தோன்றும். சாலை இரும்பு உருளையன்று. கடினமான டயர் ஒவ்வொரு மேட்டிலும் வண்டியையும் ஆளையும் மேலே தூக்கி எறிகிறது. அந்த அதிர்வு நம் தசைகளில் வெப்பமாகக் கரைகிறது. கரைவது நாம் மிதித்துச் சேர்த்த ஆற்றலே. களைப்பு என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு இந்த விரயம். பிரான்சில் வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய பால் தெ விவீ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அகன்ற டயருக்காக வாதாடினார். பந்தயக்காரர்கள் செவிசாய்க்கவில்லை. நெடுங்காலம் 23 மில்லிமீட்டரில் ஓடிய அவர்களே இப்போது 28-க்கும் அதற்கு மேலும் வந்துவிட்டார்கள். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: டயரின் பக்கச்சுவர் மெல்லிய இழையால் நெய்ததாக, துணிபோல் வளைவதாக இருக்க வேண்டும். தடித்த பக்கச்சுவர் கொண்ட அகன்ற டயர் மாட்டுவண்டியின் சுகத்தையே தரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் ஊர்ப் பழைய கறுப்புச் சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். தஞ்சை மாவட்டத்து வாய்க்கால் கரைகளில் தபால்காரரும் பால்காரரும் பள்ளி ஆசிரியரும் ஓட்டியது இன்று நாகரிகமென்று விற்கப்படும் அதே அகலம்தான். அதன் ரிம் வேறு. 635 மில்லிமீட்டர் விட்டமுடையது. இப்போதைய சாலை வண்டிகளின் 622-க்கு அந்த டயர் பொருந்தாது என்பதை இவ்விடத்தில் சொல்லிவைக்கிறேன். பழைய டயரைச் சேர்த்து வைத்திருப்போருக்கு உதவும்.

அடுத்தது சட்டம். நான் எஃகையே நாடினேன். எஃகு அதிர்ச்சியை உறிஞ்சிவிடும் என்று கூறுவோர் உண்டு. அவ்வளவு பெருமையை நான் அதற்குக் கொடுக்கமாட்டேன். முக்கோணங்களாகப் பிணைத்த சட்டம் மேலும் கீழும் அசைவதற்கு இடமில்லை. அந்தப் பணி டயருக்கும், முன்புறம் வளைந்த போர்க்குக்கும் உரியது. எஃகின் சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. எவ்வகை எஃகாயினும் விறைப்பு ஏறத்தாழ ஒன்றே, வலிமைதான் வேறுபடும். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த வலிய எஃகாயின் குழாயின் சுவரை மெல்லியதாக இழுக்கலாம்: இணைப்புகள் வரும் இரு நுனிகளில் 0.8 மில்லிமீட்டர், நடுவில் 0.5 மட்டும். அவ்வாறு நடுமெலிந்த குழாய்க்கு இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்பிரட் ரெய்னால்ட்ஸ் 1897-இல் காப்புரிமை பெற்றார். மெல்லிய குழாய் மிதிக்கும்போது இம்மியளவு முறுக்கி, மீண்டும் நிமிர்கிறது. உயிருள்ள குதிரையின் முதுகுக்கும் மரக்குதிரைக்கும் உள்ள வேறுபாடு போன்றது அது. மகனுடைய அலுமினிய வண்டியில் என் மிதி சுவரில் மோதுவதுபோல் நின்றுவிடும். எஃகு வண்டியில் அது தாளத்துக்கு எதிர்த்தாளம்போலத் திரும்பி வந்து காலைத் தொடுகிறது. விறைப்பே வேகம் என்பார் இதை ஏற்கமாட்டார்கள். என் முழங்கால் ஏற்றுக்கொண்டது.

நம்மவர்க்கு எஃகுக் குழாய் அந்நியமானதன்று. 1949-இல் சென்னை அம்பத்தூரில் முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்துடன் கூடித் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்து நாடெங்கும் அனுப்பியது. ரெய்னால்ட்ஸ் குழாய்த் தொழில் அக்காலத்தில் அந்த ஆங்கில நிறுவனத்தின் கையில்தான் இருந்தது. ஆவடியில் குழாய் செய்யும் ஆலையும் எழுந்தது. வடக்கே லூதியானா, சோனிபட், தெற்கே அம்பத்தூர். இந்தியன் ஏறி மிதித்த வரலாறு இவ்வூர்களில் அடங்கும். அந்தக் கறுப்பு வண்டிகளின் குழாய் தடித்தது. இரண்டு மூட்டை நெல்லுக்கும் ஒரு பெரியவருக்கும் சேர்த்துச் செய்தது. அவற்றில் துள்ளலை எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஜண்டேவாலான் சைக்கிள் கடைகளைக் கரோல்பாக் தமிழர் அறிவர். என் நெடுநாள் நண்பரொருவருடன் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் மெட்ரோவில் அங்கே போய்வந்தேன். "சார், இந்த வயசுல கார்பன் வாங்கிடுங்க, காத்து மாதிரி போகும்" என்றார் அவர். நான் அளவுகோலும் தாளுமாய் நின்றேன். நான் பார்த்தவை சில: கைப்பிடி இருக்கையின் உயரத்துக்கு வருமா? டயருக்கும் சட்டத்துக்கும் இடையே, மட்கார்டு பொருத்திய பின்னும், விரல் நுழையும் இடம் உண்டா? பின்னால் கேரியருக்குத் துளை உண்டா? இடம் என்பதே எல்லாவற்றிலும் முக்கியம். டயர் தேய்ந்தால் மாற்றலாம், இருக்கை கடித்தால் மாற்றலாம்; சட்டத்தில் இல்லாத இடத்தை யாரும் உண்டாக்க முடியாது. வளைந்த கைப்பிடியை வேண்டாமென்று பலர் அறிவுரை கூறினர். அது உயரத்தில் இருக்குமானால் கையை மூன்று இடங்களில் மாற்றி மாற்றி வைக்கலாம். மரத்துப்போவதற்கு அதுவே மருந்து. மெல்லிய குழாயில் செய்த பச்சை வண்ணச் சட்டம் ஒன்று கிடைத்தது. சக்கரத்துக்கு முப்பத்தாறு கம்பிகள் வைத்துக் கட்டித்தரச் சொன்னேன். கட்டியவர் ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டி, வீணைக்குச் சுருதி சேர்ப்பவரைப்போலக் காது கொடுத்துக் கேட்டதைப் பார்த்தபோது, கொடுக்கும் பணத்தில் பாதிக் கவலை நீங்கிற்று.

வீட்டுக்கு ஓட்டியே வந்தேன். இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. தௌலா குவானின் நெரிசலைப் பற்றி எழுதாமலிருப்பதே நலம். அன்றிரவு நான் எப்படித் தூங்கினேன் என்பதை என் மனைவிதான் மறுநாள் அக்கம்பக்கத்தில் சொன்னாள்.

டில்லியின் காற்றும் வெயிலும் மிதிவண்டிக்காரனுக்கு ஆண்டு முழுவதையும் தருவதில்லை. நவம்பரில் புகைமூட்டம் கவியும் நாட்களில் வண்டி வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. மே மாதத்து அனல்காற்றில் ஏழு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். மழைக்காலத்துக்கு முன் குழாய்களின் உட்புறம் எண்ணெய் பூசிவைக்கிறேன். எஃகு கேட்கும் ஒரே கூலி அதுதான். பிப்ரவரியில்தான் கொண்டாட்டம். சாவ்லா தாண்டி நஜப்கர் வாய்க்காலின் கரையோடு, முன்னர் சாஹிபி ஆறென்று ஓடிய அந்த நீரின் ஓரமாக, கடுகுப் பூக்களுக்கிடையே செல்லலாம். பாதி மண், பாதி தார். 38 மில்லிமீட்டருக்கு இரண்டும் ஒன்றே.

சென்ற பொங்கலுக்கு மகன் வந்திருந்தான். பால்கனியில் தொங்கிய தன் வண்டியை இறக்கித் துடைத்துக்கொண்டு என்னுடன் வந்தான். வாய்க்கால் கரையில் பத்து நிமிடம் போனதும், "அப்பா, கொஞ்சம் உங்க வண்டியைக் குடுங்க" என்றான். இருக்கையை இரண்டு அங்குலம் உயர்த்திக் கொடுத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவன் அதிலேயே வந்தான். நான் அவன் வண்டியைத் தார்ச்சாலை வரை தள்ளிக்கொண்டு நடந்தேன். "இதை வித்துடாதீங்கப்பா" என்று அன்று மாலை தன் வண்டியைக் காட்டிச் சொன்னான். விற்கும் எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. இருவருமாக அளவுகோல் வைத்து அதன் போர்க்கின் இடைவெளியை அளந்து பார்த்தோம். 28-க்குமேல் இடமில்லை. மறுநாளே 28 வாங்கிப் போட்டாயிற்று.