ஒரே டிராயிங்கின் இரண்டு நகல்

ஆவடி,
ஞாயிறு காலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி எழுதுவது. உன் முட்டி வலி குறைந்ததா? அண்ணி சுகர் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார்களா?

போன வாரம் நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை மாமாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்துவிடாதே. என் பெரியவளை உன் பையனுக்குக் கேட்டதும் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. உன் வீட்டுக்குப் போனால் அவள் ஒரு நாளும் கண் கலங்க மாட்டாள், அது எனக்குத் தெரியாதா? ஆனால் அடுத்த நிமிஷமே வயிற்றைப் பிசைந்தது. போனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுவேன், நீயும் "விடும்மா, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அண்ணியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நிதானமாகப் படி.

நாங்கள் அண்ணனூரில் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சின்னவளுக்கு அப்போது ஒன்றரை வயது. ஒரு நாள் வாசற்படியில் ரயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கிண்ணத்திலிருந்து பொரியை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். கார்ஷெட்டுக்குப் போகிற வண்டி ஒன்று நம் வீட்டுக்கு நேராக வந்து நீளமாக ஹாரன் அடித்தது. மதில்மேல் இருந்த காக்கா பறந்துபோனது, தெருநாய் எழுந்து நின்றது. இவள் அடுத்த பொரியை எடுத்தாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே தண்ணீருக்குள் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ அறிந்ததுதான். தலையில் ஒயர் ஒட்டி எடுத்த பெரா டெஸ்ட், காது மெஷின், காது கேளாதோர் பள்ளி. நீ அறியாத ஒன்றும் உண்டு. கிரகணத்தன்று நான் கத்தியெடுத்துக் காய் நறுக்கியதால்தான் இப்படி ஆனது என்று ஆயா சொன்னார்கள். மாமாவையே கட்டியதால் என் மாமியாரும் அவர்கள்தான், என் அம்மாவைப் பெற்றவர்களும் அவர்கள்தான், அந்த வாய்க்கு நான் என்ன பதில் பேச முடியும்? சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீயும் ஒரு தடவை, "மாசமா இருந்தப்ப கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்திருக்கலாம்" என்றாய். குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை அண்ணா. அத்தனை வருஷமும் நானும் அதைத்தான் நம்பினேன்.

போன வருஷம் சின்னவளே என்னிடம் சைகையில் கேட்டாள்: எனக்கு ஏன் கேட்கவில்லை? இருபது வயதுப் பெண்ணிடம் கிரகணத்தைச் சொல்ல முடியுமா? மாமா, நான், பெண்கள் இரண்டு பேர் என நான்கு பேரும் போரூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து மரபணு ஆலோசகர் அம்மா எங்களை உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் சொன்னார். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒன்பது வருஷம் லேத்தில் நின்றவன் நீ, நான் இன்றும் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருப்பவள். அவர் சொன்னதை நம் கம்பெனிக் கணக்கில் சொன்னால் உனக்குச் சட்டென்று பிடிபடும்.

நம் உடம்பில் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு டிராயிங் பீரோ இருக்கிறது. அதில் ஏறக்குறைய இருபதாயிரம் டிராயிங். ஒவ்வொன்றும் ஒரு மரபணு, பெரும்பாலானவற்றுக்கு இரண்டு பிரதி: ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. மாஸ்டர் டிராயிங் பீரோவை விட்டு வெளியே வராது. எந்த செக்‌ஷனுக்கு எது வேண்டுமோ அதை மட்டும் நகல் எடுத்துக் கீழே அனுப்புவார்கள், அதைப் பார்த்துப் பாகம் தயாராகும். கண்ணின் செல்லிலும் காதின் செல்லிலும் இருக்கிற பீரோ ஒன்றுதான். எந்தத் தாளை எங்கே எடுக்கிறார்கள் என்பதில்தான் கண் கண்ணாகிறது, காது காதாகிறது.

உள்காதில் எடுக்கிற தாள்களில் ஒன்றின் பெயர் ஜிஜேபி2. அதைப் பார்த்துச் செய்கிற பாகம் கனெக்சின் 26. ஆறு ஆறாகச் சேர்ந்து, ஒரு செல்லுக்கும் பக்கத்துச் செல்லுக்கும் நடுவே சின்னக் குழாய் போல நிற்கும். சத்தம் வரும்போது காதுக்குள் பொட்டாசியம் உப்பு ஓடுகிறது. ஓடியது திரும்பப் பழைய இடத்துக்கு வந்தால்தான் அடுத்த சத்தம் கேட்கும். அப்படித் திரும்பி வருவதற்கு இந்தக் குழாய்கள் வேண்டும். அவை இல்லையென்றால் காது கேட்காது. அறிவுக்கோ கை காலுக்கோ ஒன்றும் ஆகாது.

அந்த டிராயிங் மொத்தம் 681 எழுத்து, 226 கண்ணி கோத்த சங்கிலிக்கான குறிப்பு. நம் குடும்பத்துத் தாளில் 71-வது எழுத்து மாறியிருக்கிறது, ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. ஓர் எழுத்துதான். ஆனால் அந்த மாற்றத்தால் அங்கே எழுதியிருப்பதன் அர்த்தமே "இத்தோடு நிறுத்து" என்று ஆகிவிடுகிறது. 23 கண்ணியோடு வேலை நின்றுவிடும். டிராயிங்கில் ஒரு புள்ளி இடம் மாறி ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் ஆனதை நாம் இரண்டு பேருமே பார்த்திருக்கிறோமே.

ஆலோசகர் அம்மா ஒரு தாளைக் காட்டினார். ஏ பச்சை, டி சிவப்பு, சி நீலம், ஜி கறுப்பு என்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிறத்தில் முகடு, மலைத்தொடர் மாதிரி வரிசையாகப் போகிறது. 71-வது இடத்தில் பேனாவை வைத்தார். மாமாவின் தாளில் ஒரே இடத்தில் கறுப்பும் பச்சையும் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றன. என்னுடையதிலும் அப்படியே. சின்னவளுடையதில் ஒற்றைப் பச்சை மட்டும், உயரமாக. அவள் அந்தப் பச்சை மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தாள், பிறகு மாமாவைப் பார்த்தாள். கையால் கேட்டாள்: இரண்டு பேரிடமிருந்துமா? ஆமாம் என்றேன். சிரித்தாள் அண்ணா. எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை. என் கத்தியும் இல்லை, கிரகணமும் இல்லை. இந்த மரபணுவுக்கும் காதுக்கும் உள்ள தொடர்பை 1997-லேயே கண்டுபிடித்துவிட்டார்களாம். சின்னவள் பிறந்தது 2005-ல். எட்டு வருஷம் முன்பே பதில் இருந்திருக்கிறது, எனக்குச் சொல்லத்தான் யாரும் இல்லை.

ஒரு பிரதி கெட்டிருந்தால் இன்னொன்றை வைத்து வேலை நடந்துவிடும். அதனால்தான் எனக்கும் மாமாவுக்கும் காது நன்றாகக் கேட்கிறது. இரண்டும் கெட்டால்தான் பாகம் வராது. எனக்கும் அவருக்கும் ஒரே கோளாறு எப்படி வந்தது? அவர் அம்மாவுக்குத் தம்பி. தாத்தாவிடமோ ஆயாவிடமோ இருந்த ஒரே தாள் மகனுக்கு ஒரு நகல், மகள் வழியாக எனக்கு ஒரு நகல் என்று வந்திருக்கிறது. கிழிந்த ஒரே டிராயிங்கை இரண்டு தடவை ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றுக்கு ஒன்று ஸ்பேர் என்று பீரோவில் வைத்தால் என்ன பிரயோஜனம்? அக்கா மகளைக் கட்டினால் பிள்ளைக்குச் சராசரியாக எட்டில் ஒரு பங்கு டிராயிங்குகளில் இரண்டு பிரதியும் ஒரே மூலத்தின் நகலாக இருக்குமாம். மாமன் மகன், அத்தை மகள் என்றால் பதினாறில் ஒரு பங்கு.

சொந்தத்தில் கட்டுவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 கல்யாணம் சொந்தத்துக்குள்தான். அதில் பிறக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் எந்தக் குறையும் இல்லாமல்தான் இருக்கிறார்கள். தாய்மாமனைக் கட்டியதால் நான் கெட்டுப்போகவில்லை, மாமாவைப் போல ஒருவர் எனக்கு வெளியில் கிடைத்திருக்க மாட்டார். ஆனால் நம் வீட்டில் எந்தத் தாளில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு கண்ணை மூடிக்கொள்ள என்னால் முடியவில்லை.

இப்போது உன் விஷயம். பெரியவளின் தாளிலும் இரண்டு நிறம். அம்மாவிடம் அந்தத் தாள் இருந்தது, அது எனக்கு வந்தது. உனக்கும் வந்திருக்குமா என்பது காசு சுண்டுவது போல, பாதிக்குப் பாதி. அண்ணி சொந்தத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள், அவர்களிடம் இல்லை என்று வைத்துக்கொள். உன் பையனுக்கு வந்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அவனிடம் இல்லையென்றால் இந்த விஷயத்தில் பயமே இல்லை. இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் காது கேட்காமல் போக நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளை நன்றாகப் பிறந்துவிட்டதால் அடுத்ததுக்கு அது குறையாது. ஒவ்வொரு தடவையும் காசைப் புதிதாகத்தான் சுண்டுகிறோம்.

"நம்ம ரத்தம் வெளிய போகக் கூடாது" என்றாய். ரத்தத்தின் சிவப்பு அணுவுக்குள் இந்த டிராயிங்கே கிடையாதாம் அண்ணா. பரிசோதனைக்கு வெள்ளை அணுவிலிருந்துதான் எடுக்கிறார்கள். ரத்தத்தைச் சிவப்பாக்குகிற அணு இந்த டிராயிங் ஒன்றையும் தூக்கிக்கொண்டு போவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் காது கேட்காத பிள்ளைக்கு நான் பயப்படுவதாக நீ நினைத்துக்கொள்வாய். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாப்பில் ஒரு தம்பதியை அடிக்கடி பார்ப்பேன், இரண்டு பேருக்கும் காது கேட்காது. அவர்களுடைய நான்கு வயதுப் பையன் ஒரு நாள் போனில் பாட்டியோடு வாயால் பேசிக்கொண்டே, பாட்டி சொன்னதை மற்ற கையால் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அம்மா கையால் சொன்னது அவன் வாயால் பாட்டிக்குப் போனது. எனக்குப் பஸ் வந்ததே தெரியவில்லை. காது கேட்பதற்குத் தேவையான டிராயிங் நூற்றுக்கு மேல் உண்டு. அந்த அம்மாவிடம் ஒன்று கெட்டிருக்கும், அப்பாவிடம் வேறொன்று. அப்படியிருந்தால் பிள்ளைக்கு இரண்டிலும் ஒரு நல்ல பிரதி கிடைத்துவிடும். இரண்டு பேரிடமும் ஒரே தாள் கெட்டிருந்தால் பிள்ளைகள் எல்லோருக்குமே கேட்காது. தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆராய்ச்சி வளாகத்தில் ஸ்ரீகுமாரி ஸ்ரீசைலபதி என்ற அம்மையாரும் அவருடைய மாணவர்களும், காது கேளாதவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்ட 60 தென்னிந்தியக் குடும்பங்களை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டிருக்கிறார்கள். ஜிஜேபி2-வில் அவர்கள் அதிகம் பார்த்ததும் நம் வீட்டு எழுத்து மாற்றம்தான். டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல்லுக்கு அம்மாவும் மனைவியும் காது கேளாதவர்கள். அவரே 1883-ல், காது கேளாதவர்கள் தங்களுக்குள் கட்டிக்கொண்டால் அப்படி ஓர் இனமே உருவாகிவிடும் என்று பயந்து எழுதினார். அந்த பஸ் ஸ்டாப் பையனைப் பார்த்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் புரிந்திருக்கும். நாளைக்குச் சின்னவள் தன்னைப் போலவே ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். நீயும் நிற்காதே.

என் கேள்வி ஒன்றுதான். உன் பையன் ஒரு தடவை ரத்தம் கொடுக்கட்டும். அவனைக் குறை சொல்வதாக அண்ணி நினைத்துவிடக் கூடாது. வெளியிலிருந்து எந்த மாப்பிள்ளை வந்தாலும் இதையேதான் கேட்பேன், ஏனென்றால் இந்த எழுத்து மாற்றம் நம் நாட்டில் நம் வீட்டில் மட்டும் இல்லை. பெரியவளிடம் பேசினேன். "மாமா பையனை எனக்குப் பிடிக்கும்மா. ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறோம்" என்றாள். அவனிடமும் இருந்து, அப்படியும் இரண்டு பேரும் சேர்ந்து வாழ முடிவெடுத்தால் நான் தடுக்க மாட்டேன். பிள்ளை பிறந்த வாரமே காதைச் சோதித்துவிடலாம். இந்த வகைக் கேளாமையில் நரம்பு நன்றாக இருப்பதால் காக்ளியர் கருவி நல்ல பலன் தருகிறது, சின்ன வயதிலேயே வைத்தால் பேச்சும் வந்துவிடுகிறது. இப்போது ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகவே வைக்கிறார்கள். சின்னவள் காலத்தில் எனக்கு அது கிடைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை எனக்கு லீவு. உன் பையனை ஆரணியிலிருந்து காலை பஸ்ஸில் ஏற்றிவிடு, பூந்தமல்லியில் இறங்கினால் நானும் பெரியவளும் நின்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம். ஒரு சின்னக் குழாய் அளவு ரத்தம்தான் எடுப்பார்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை, சாப்பிட்டுவிட்டே கிளம்பச் சொல். சின்னவள் பருப்பு உருண்டைக் குழம்பு வைக்கிறாளாம், மத்தியானம் இங்கேதான் சாப்பாடு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கச்சி