பட்டமும் முத்திரையும்

பட்டம் பெறுதல் ஒன்று. பெற்ற பட்டத்தை மெய்ப்பித்தல் மற்றொன்று. முன்னதற்கு மூன்றாண்டுகள் போதும். பின்னது சிலருக்குச் சில வாரங்களில் முடிகிறது. சிலருக்கு முடியாமலே போகிறது. நம் கல்லூரியில் பயில்வோருள் கணிசமானோர் படிப்பு முடிந்ததும் வளைகுடா நாடுகளை நோக்கிப் புறப்படுவர். அவர்தம் தந்தையரும் அவ்வாறே சென்றவர்கள்தாம். ஆயின் தந்தையர் கையுழைப்பை நம்பிச் சென்றனர். மக்கள் கல்வியை நம்பிச் செல்கின்றனர். உழைப்பின் சான்று உள்ளங்கையின் காய்ப்பில் இருந்தது. கல்விக்குத் தாள் வேண்டியிருக்கிறது.

தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன இடம் என்று வினவுவோர் இருக்கலாம். இடமுண்டு. பணி விசாவுக்காக அலைந்து, இறுதியில் துறையின் வாசலில் வந்து நிற்கும் பழைய மாணவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். அவர்கள் கொண்டுவரும் சிக்கல்களுள் பாதி பெயர்களைப் பற்றியவை. மீதி சொற்களைப் பற்றியவை. இவ்விரண்டும் தமிழாசிரியருக்கு அயலானவை அல்லவே!

முதற்கண் நடைமுறையைச் சொல்லிவிடுவோம். வேலை தரும் நாட்டின் அலுவலருக்கு நம் துணைவேந்தரின் கையொப்பம் தெரியாது. ஆகவே சான்றிதழ் மெய்யானதே என மாநில அரசின் உயர்கல்வித்துறை சென்னைத் தலைமைச் செயலகத்தில் முத்திரையிடும். அம்முத்திரை மெய்யென நடுவண் அரசின் வெளியுறவு அமைச்சகம் முத்திரையிடும். அதனையும் மெய்யென அந்நாட்டுத் தூதரகம் சான்றளிக்கும். அங்குச் சென்று இறங்கியபின் அந்நாட்டின் வெளியுறவு அமைச்சகம் மீண்டும் ஒன்று இடும். இதுவே நெடுங்காலம் இருந்த வழி. இச்சங்கிலியைச் சுருக்கவே 1961 அக்டோபர் 5ஆம் நாள் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. அதன்படி இடப்படும் ஒரே சான்றுக்கு அப்போஸ்டில் என்று பெயர். ஓரக்குறிப்பு என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் அது. இந்தியாவில் இவ்வுடன்படிக்கை 2005 ஜூலை 14 முதல் நடைமுறைக்கு வந்தது. ஓமனில் 2012இலும், பஹ்ரைனில் 2013இலும், சவூதி அரேபியாவில் 2022 டிசம்பர் 7 முதலும் வந்தது. தூதரகப் படி குறைந்தது நன்றே. ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். அப்போஸ்டிலும் கையொப்பம் யாருடையது, அவர் எப்பதவியில் இருந்து இட்டார், முத்திரை மெய்யா என்பவற்றுக்கே சான்று கூறும். தாளில் எழுதியிருப்பது என்ன என்பது அதன் பொறுப்பன்று.

நம் சமுதாயத்துக்கு இத்தகைய சங்கிலி புதிதன்று. அரபிக் கல்லூரிகளில் ஓதி முடித்தோருக்கு ஸனது வழங்கும் விழாக்களைப் பெரியோர் பலரும் கண்டிருப்பர். அச்சொல்லுக்குப் பற்றுக்கோடு, சார்ந்து நிற்குமிடம் என்பது பொருள். நபிமொழிக் கலையில் இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் எனச் செல்லும் அறிவிப்பாளர் தொடருக்கும் அதுவே பெயர். தொடரில் வரும் ஒவ்வொருவரும் எத்தகையவர், முன்னவரை நேரில் சந்தித்தவர்தாமா என்று அறிஞர்கள் துருவி ஆராய்ந்தனர். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதியவருக்குப் பாகவி என்னும் பட்டம் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. ஊராருக்கு வேறு முத்திரை வேண்டுவதில்லை. அந்தத் தொடரில் ஆசிரியர் மாணவரை முகம் பார்த்து அறிந்திருந்தார். இன்றைய தொடரில் முத்திரை முத்திரையை மட்டுமே அறியும். படித்த மனிதர் அதில் ஓரிடத்தில்தான் தலைகாட்டுகிறார். அவ்விடம் அவர் பெயர்.

அப்பெயர்தான் நம்மவரை இடறிவிடுகிறது. வடசொல் தமிழில் வழங்கும்போது தமிழெழுத்துக்கு இயைந்து வரவேண்டும் என்றார் தொல்காப்பியர். அந்நெறி அரபுச் சொற்களுக்கும் பொருந்தியது. சீறாப்புராணத்தில் உஸ்மான் உதுமான் ஆனார். அதைப் பாடிய புலவரும் உமறு என்றே அறியப்பட்டார். காவியத்துக்கு அஃது அழகு. ஆனால் பள்ளியில் 'சேகு உதுமான்' எனப் பதிவான சிறுவனுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் வேறோர் எழுத்துக்கூட்டல். அங்கிருந்து அப்பெயரை அரபியில் பெயர்க்கும்போது, அரபு மண்ணில் பிறந்த பெயர் அரபியருக்கே விளங்காத உருவில் அவ்வூர் போய்ச் சேர்கிறது!

தலைப்பெழுத்தின் தொல்லையோ தனி. சான்றிதழில் ஒற்றை எழுத்தாக நிற்கும் தந்தையின் பெயர் கடவுச்சீட்டில் முழுமையாக விரிகிறது. திருமணமான பெண்களுக்குத் தந்தையின் எழுத்துப் போய்க் கணவரின் எழுத்து வந்துவிடுகிறது. இருவரும் ஒருவரே என மெய்ப்பிக்க நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம், வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்று, மீண்டும் ஒரு மொழிபெயர்ப்பு என்று அலைய வேண்டியிருக்கிறது. பலருக்குத் தலைப்பெழுத்தே தலையெழுத்தாகிவிட்டதை நாம் கண்டிருக்கிறோம்.

நம்மிடம் முதுகலை பயின்ற மாணவர் ஒருவரின் சான்றிதழில் 'ஹெச்' என்னும் ஓர் ஆங்கில எழுத்து மிகுதியாக இருந்தது; கடவுச்சீட்டில் அஃது இல்லை. வேலைக்கான ஆணை கையில் இருந்தது; அதற்குக் காலவரையும் இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு எழுதிய விண்ணப்பத்துக்கு விடை வருமுன் காலவரை கடந்துபோயிற்று. இப்போது அவர் மண்ணடியில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறார். நம்மைக் காணும்போதெல்லாம் எழுந்து நின்று நலம் விசாரிக்கிறார்; அந்த எழுத்தைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. பள்ளியில் சேர்த்த அன்று அவர் தந்தை வெளிநாட்டில் இருந்தார். தாய் சொன்னதை எழுத்தர் தம் காதுக்குக் கேட்டபடி எழுதினார். இதில் யாரைக் குறை சொல்வது?

இனிச் சொல்லுக்கு வருவோம். 2018ஆம் ஆண்டில் ஐக்கிய அரபு அமீரகத்தில் பணியாற்றிய இந்திய ஆசிரியர் பலர், தம் பட்டத்துக்கு இணைத்தகுதிச் சான்று பெற இயலாமல் திகைத்தனர். நம் மதிப்பெண் பட்டியல்களில் இன்டெர்னல், எக்ஸ்டெர்னல் என இரு நிரல்கள் இருப்பதை மாணவர்கள் அறிவர். கல்லூரிக்குள் நடக்கும் தேர்வுக்கு முன்னது. பருவ இறுதியில் எழுதும் பொதுத்தேர்வுக்குப் பின்னது. பின்னதை அங்கே, கல்லூரிக்கே வராமல் வெளியிலிருந்து தேர்வெழுதியவர் எனப் பொருள்கொண்டுவிட்டனர். அகமும் புறமும் தமிழருக்கு எத்துணைப் பெரிய சொற்கள்! புறம் என்ற ஒரு சொல்லால் ஓர் ஆசிரியையின் ஊதியம் நின்றுபோகும் என்று எந்த உரையாசிரியரும் எண்ணியிரார். இந்தியத் தரப்பிலிருந்து விளக்கம் சென்ற பின்னரே அச்சிக்கல் அவிழ்ந்தது.

அவ்வாண்டில் நம் பழைய மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தாம் முழுநேர மாணவியாகக் கல்லூரி வளாகத்திலேயே பயின்றதாகக் கடிதம் வேண்டும் என்றார்; குரல் நடுங்கியது. குடும்பமே அவர் ஊதியத்தில்தான் நடந்து கொண்டிருந்தது. நாம் துறை அலமாரியைத் திறந்தோம். அவர் மாணவியாக இருந்தபோது எழுதிய கட்டுரை, துறையின் கையெழுத்து ஏட்டில் அழகிய எழுத்தில் அப்படியே இருந்தது. அவர் இங்குப் படித்தார் என்பதற்கு நம் கண்ணில் அதனினும் சிறந்த சான்று இல்லை. ஆனால் அதற்கு முத்திரை இல்லை. அதனடியில் பூச்சியரித்த வருகைப் பதிவேடுகள் இருந்தன. மூன்றாண்டுக்கும் அவர் வருகையைக் கூட்டி, முதல்வரின் ஒப்பத்துடன் கடிதம் சென்றது. அதைக் கொண்டு பல்கலைக்கழகம் தன் மெய்த்தன்மைக் கடிதத்தை வழங்கியது. அவர் பணி நிலைத்தது.

வேறொன்றும் கூற வேண்டும். அருமையாகப் பெற்ற பட்டம் நனைந்துவிடக் கூடாதென்று தந்தையர் சிலர் அதற்கு லேமினேஷன் செய்து மாட்டி வைக்கின்றனர். முத்திரைகள் மூலச் சான்றிதழின் பின்புறத்தில் இடப்படுபவை. நெகிழித்தாளின்மேல் மை நிற்காது. உரிக்கப்போய்ச் சான்றிதழே கிழிந்த கதையும் உண்டு. உறையிலிட்டு வைத்தால் போதும். மூலச் சான்றிதழை வாங்கிக்கொண்டு 'எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்னும் தரகரிடம், அவர் யார், வெளியுறவு அமைச்சகம் ஏற்ற முகமையா என்று கேளாமல் கொடுப்பதும் தகாது.

சில ஆண்டுகளாக இறுதியாண்டு வகுப்பில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கியுள்ளோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், கடவுச்சீட்டு ஆகியவற்றின் படிகளை மாணவர் கொண்டுவந்து, எழுத்தெழுத்தாக ஒப்பிடுவர். வேறுபாடு இல்லாதவர் சிலரே. பட்டச் சான்றிதழ் அச்சாகுமுன் திருத்துவது எளிது. அச்சான பின் அரசிதழ் அறிவிப்பு வரை செல்ல நேரும். பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கும் இளம்பெற்றோர் தம் கடவுச்சீட்டையும் உடன் எடுத்துச் சென்று அதிலுள்ளவாறே பெயரை எழுதச் சொல்லுமாறு ஜமாஅத் பெரியோர் எடுத்துரைத்தால், பின்வரும் அலைச்சலுள் பாதி குறையும்.

அவ்வருகைப் பதிவேடுகளைப் பூச்சியகற்றிப் புதிதாகக் கட்டமைத்து ஆண்டுவாரியாக அடுக்கியிருக்கிறோம். வேண்டுவோர் கல்லூரி வேலை நாள்களில் பிற்பகலில் துறைக்கு வரலாம். சேர்ந்த ஆண்டையும், சேர்ந்தபோது எழுதிய எழுத்துக்கூட்டலையும் மட்டும் நினைவில் கொண்டு வருக.