தடை மட்டும் தடுப்பூசி செய்யாது

பொருளாதாரத் தடைக் காலத்துக் கதைகளுக்கு எங்கட வீடுகளில் குறைவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தது, சவுக்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது. தொண்ணூறுகளை நேரில் காணாத நாங்கள் இதையெல்லாம் கேட்டுக் கேட்டே வளர்ந்தோம். 'கஷ்டம் வந்தால்தான் மூளை வேலை செய்யும்' எண்டுதான் அநேகமான கதைகள் முடியும்.

இதே வசனத்தைக் கியூபாவுக்கும் சொல்லுவார்கள். 1962இலிருந்து அமெரிக்கத் தடைக்குள் இருக்கும் ஒரு சின்னத் தீவு, சொந்தமாகத் தடுப்பூசிகள் செய்கிறது; ஆகவே தடைதான் அதைச் செய்ய வைத்தது எண்டு. நாங்கள் கலைப்பீடம். ஆய்வுகூடத்துக்குள் நடப்பது எங்களுக்கு அரைகுறையாகத்தான் விளங்கும். ஆனால் ஆண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்க்கத் தெரியும். அப்படி அடுக்கினால் அந்த வசனம் இடறுது.

1959 புரட்சிக்குப் பிறகு கியூபாவிலிருந்த ஏறத்தாழ 6,000 வைத்தியர்களில் பாதிப்பேர் நாட்டைவிட்டுப் போனார்கள். 1961இல் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. 1965இல் தேசிய விஞ்ஞான ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார்கள். அப்போது விற்பதற்கு அங்கே ஒரு மருந்தும் இல்லை. ஆட்களைத்தான் உருவாக்கினார்கள்.

1980இல் ஹூஸ்டனிலிருந்து வந்த புற்றுநோய் வைத்தியர் ராண்டொல்ப் லீ கிளார்க், இன்டர்பெரோன் பற்றி பிடல் காஸ்ட்ரோவுக்குச் சொன்னார். வைரஸ் தாக்கும்போது எங்கட கலங்கள் சுரக்கும் புரதம் அது; புற்றுநோய்க்கு மருந்தாகும் எண்டு அப்போது உலகமே நம்பியிருந்தது. அடுத்த ஆண்டே ஆறு கியூபர்கள் பின்லாந்துக்குப் போய், ஹெல்சிங்கியில் காரி கான்டெலிடம் அதைப் பிரித்தெடுக்கப் பழகினார்கள். கான்டெல் தன் முறைக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. கேட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஊர் திரும்பியவர்கள் ஹவானாவில் ஒரு சாதாரண வீட்டை ஆய்வுகூடமாக மாற்றி, சில வாரங்களிலேயே இன்டர்பெரோனை எடுத்தார்கள். அதே 1981இல் டெங்கு பரவி 344,203 பேரைப் பிடித்தது. இறந்த 158 பேரில் 101 பேர் பிள்ளைகள். புதிய மருந்தை அந்த நேரத்திலேயே பயன்படுத்திப் பார்த்தார்கள்.

1986இல் மரபணுப் பொறியியல், உயிரித்தொழில்நுட்ப நிலையம் திறந்தது. எண்பதுகளின் கடைசியில் கொன்செப்சியோன் கம்பாவின் குழு, மூளைக்காய்ச்சல் பி வகைக்கு உலகின் முதல் பயனுள்ள தடுப்பூசியைக் கொண்டுவந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்து சனம் பசியில் கிடந்த தொண்ணூறுகளிலும் இந்த நிலையங்களுக்கான பணத்தை அரசு நிறுத்தவில்லை.

ஆக, தடை அவசரத்தைக் கொடுத்தது, உண்மைதான். ஆனால் அறிவு ஹூஸ்டனிலும் ஹெல்சிங்கியிலும் இருந்து வந்தது. ஆட்கள் 1965இலேயே தயாராகத் தொடங்கிவிட்டார்கள். பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த எங்கட அம்மம்மாமாருக்கு மூளை குறைவில்லை. அவைக்குக் கிடைக்காதது ஒரு ஆய்வுகூடமும் அதற்குக் காசு ஒதுக்கும் ஒரு அரசும்.

கியூபாவைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் எங்களுக்கு மனமில்லை. 2021இல் அப்டாலா, சொபெரானா எண்டு சொந்தக் கோவிட் தடுப்பூசிகள் இருந்தன; இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் போட்டார்கள். அதே நேரம் அவற்றை ஏற்ற சிரிஞ்சுக்குத் தட்டுப்பாடு. அதே ஆண்டு ஜூலையில் தெருவுக்கு வந்து போராடிய நூற்றுக்கணக்கானவர்களைச் சிறையில் போட்டார்கள். மருந்துக்கடைகளில் சாதாரண மருந்துகூட இல்லை. இளம் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வெளிக்கிடுகிறார்கள்.

அதை வாசிக்கும்போது எங்கட 2022தான் ஞாபகம் வருது. எங்களிடமும் இலவசக் கல்வி இருந்தது. 1971இலேயே சேனக பிபிலே போன்றவர்களின் முயற்சியில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வந்தது. ஐம்பது வருசத்துக்குப் பிறகு, மருந்துத் துண்டோடு கடை கடையாக அலைந்தோம்.

இனி ஆராவது 'கஷ்டம் வந்தால் தானாக முன்னேறலாம்' எண்டு 1981ஐக் காட்டினால், 1965இல் என்ன நடந்தது எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.